மடியில் வந்த கூம்புச் சங்கும் மருந்துக்கடை மாத்திரையும்: வாசகர் கேள்வி – பதில்

விஷ உயிரினங்களின் மரபணு வரிசையைப் படித்து அதிலிருந்து புது மருந்து தேடுவது எப்படி என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. கடலும் மலையும் ஒட்டிக் கிடக்கிற மாவட்டம். கேள்விகளும் அப்படியே, பாதி சங்கு, பாதி பாம்பு. இடம் கொண்ட மட்டும் பதில்கள் இதோ.

எங்க விசைப்படகு வலை மடியில கழிவு மீனோட சேர்ந்து கூம்பு மாதிரி சங்கு நிறைய வருது. ஓடு அழகா இருந்தா கன்னியாகுமரி கடைக்காரங்க வாங்குவாங்க. மிச்சத்தைக் கடலிலேயே வீசிடுவோம். ஆராய்ச்சிக்குக் கொடுத்தா உபயோகப்படுமா? ஐஸ்ல போட்டு வச்சா போதுமா?
– விசைப்படகுத் தொழிலாளி, குளச்சல்

உபயோகப்படும். ஆனால் ஐஸ் போதாது. ஐஸில் கிடந்த மீன் நமக்குக் குழம்புக்கு நல்லது. ஆய்வகத்துக்கு வேண்டியது ஆர்.என்.ஏ, அதாவது செல் தன் மரபணுவைப் பார்த்து எழுதிக்கொள்ளும் நகல். உயிர் போன கொஞ்ச நேரத்திலேயே உடம்பின் நொதிகள் அதை வெட்டித் தின்னத் தொடங்கிவிடும். கரைக்கு வரும் நேரத்தில் சதை பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே எழுத்துகள் துண்டு துண்டாகியிருக்கும்.

அதற்கு முன் உங்கள் கையைப் பற்றி. கூம்புச் சங்கு தன் துதிக்கை நுனியில் ஈட்டி போன்ற ஒரு பல்லை வைத்துக் குத்தும். அகன்ற பக்கத்தைப் பிடித்தால் ஆபத்தில்லை என்று படகில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். துதிக்கை வளைந்து ஓட்டின் எந்தப் பக்கத்துக்கும் வரும். ரப்பர் கையுறையைத் துளைத்துவிடும். மடித்துக் கட்டிய சாரத்தில் போடவே கூடாது. நீளக் கிடுக்கியால் எடுத்துக் கனமான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். குத்தின இடத்தில் சில சமயம் வலியே பெரிதாகத் தெரியாது. மரமரப்பு, கண் மங்கல், பேச்சுக் குழறல் என்று ஏறி, கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். இதற்கு முறிமருந்து கிடையாது. குத்துப்பட்ட கையைத் துணியால் சுற்றி அசையாமல் வைத்துக்கொண்டு, செயற்கைச் சுவாசம் கொடுக்கக்கூடிய மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. விஷம் இறங்கும்வரை மூச்சைத் தாங்கிப் பிடித்தால் ஆள் பிழைத்துவிடுவார்.

இனி சங்கு. 20 லிட்டர் வாளியில் சுத்தமான கடல்நீர், மீன்தொட்டிக்கு வைக்கிற பேட்டரி காற்றுப் பம்பு, மேலே நிழல். சங்குகளை ஒன்றாகப் போடாதீர்கள். சில இனங்கள் மற்றச் சங்கையே வேட்டையாடித் தின்பவை. துளையிட்ட சிறு டப்பாவுக்கு ஒன்று வீதம் வையுங்கள். சில மணிக்கு ஒருமுறை பாதி நீரை மாற்றுங்கள். ஐஸ் உருகிய நல்ல தண்ணீர் உள்ளே விழுந்தால் சங்கு செத்துவிடும். வலை இழுத்த இடத்தின் ஜி.பி.எஸ் எண், ஆழம், தேதி மூன்றையும் டப்பா மேல் எழுதிவிடுங்கள். இந்த மூன்றும் இல்லாத சங்கு ஆய்வாளருக்குப் பாதி மதிப்புதான்.

ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம். கேட்காமல் சேர்த்து வைக்காதீர்கள், சில கூம்புச் சங்கு இனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தடைக்காலத்தையும் கணக்கில் வையுங்கள். உங்கள் குளச்சலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை படகு போகாது. சின்னமுட்டத்திலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் இருப்பது மீன்பிடிக்குத் தொல்லை. மாதிரி சேகரிப்பவருக்கு மட்டும் அது வசதி.

சங்கின் விஷக்குழாயிலிருந்து மரபணு வரிசை வரை என்னென்ன படிகள்? எங்கே தவறும்? பாடப்புத்தகத்தில் ஒரு படம்தான் இருக்கிறது.
– உயிரித்தொழில்நுட்ப முதுகலை மாணவி, நாகர்கோவில்

முதலில் ஒரு தெளிவு. டி.என்.ஏ எல்லாச் செல்லிலும் ஒன்றுதான். கால் சதையை எடுத்தாலும் விஷ மரபணு அதில் இருக்கும், ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும். விஷக்குழாயில் அது விழித்து ஆர்.என்.ஏ-வாக எழுதப்படுகிறது. அதனால்தான் மருந்து தேடுபவர்கள் முழு மரபணுத் தொகுதியைவிட அந்தக் குழாயின் ஆர்.என்.ஏ-வை முதலில் படிக்கிறார்கள். நல்ல பாம்பின் மரபணுத் தொகுதி 2020-இல் வெளியானபோது இது நன்றாகத் தெரிந்தது. விஷம் சார்ந்த மரபணுக்கள் 139 இருந்தன. விஷச் சுரப்பியில் மட்டும் தனித்து இயங்குபவை 19தான்.

சங்கைக் குளிர்ந்த கடல்நீரில் மரக்கச் செய்து, ஓட்டை வைஸ் என்ற இறுக்குப் பிடியில் வைத்து மெதுவாக நெரித்து உடைக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் ஓட்டுச் சில்லுகள் குழாயைக் கிழித்துவிடும். உள்ளே ஒரு முனையில் தசைக் குமிழ், அதிலிருந்து சுருண்டு சுருண்டு வரும் வெண்மஞ்சள் நூல் போன்ற குழாய். நீட்டினால் ஓட்டைவிட நீளம். அதை ஒரே குப்பியில் திணிக்காதீர்கள். குமிழ்ப் பக்கம், நடு, தொண்டைப் பக்கம் என்று பிரித்துத் தனித்தனியாகப் பெயர் எழுதுங்கள். கோனஸ் ஜியோகிராபஸ் என்ற இனத்தில் தற்காப்பு விஷம் குமிழ்ப் பக்கத்திலும் வேட்டை விஷம் தொண்டைப் பக்கத்திலும் உருவாகின்றன. கலந்துவிட்டால் இந்தச் செய்தி போய்விடும்.

துண்டுகள் அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. 100 மில்லிகிராம் திசுவுக்கு 1 மில்லிலிட்டர் ஆர்.என்.ஏ காப்புக் கரைசல். ஓர் இரவு 4 டிகிரியில் வைத்து, மறுநாள்தான் மைனஸ் 80-க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டு உடனே உறைய வைப்பவர்கள்தான் அதிகம். உப்புக் கரைசல் உட்புறம் ஊறுவதற்குள் உறைந்துவிடும், பிறகு உருகும்போது நடுப்பகுதி கெடும். கரைசலில் நன்றாக ஊறிய திசு 25 டிகிரியில்கூட ஒரு வாரம் தாங்கும். ஆகவே கரண்டு போனதற்காகப் பதற வேண்டாம்.

ஆர்.என்.ஏ பிரிக்கும்போது 50 முதல் 100 மில்லிகிராமுக்கு 1 மில்லிலிட்டர் டிரைசால் என்ற பிரிப்புக் கரைசல். சங்கில் வரும் பெரிய தொல்லை வழுவழுப்பு. அடியில் படிவது கண்ணாடி போல் ஜெல்லாக இருந்து நீரில் கரையவில்லையென்றால் அது ஆர்.என்.ஏ மட்டுமல்ல, சளிச் சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது. ஐசோபுரொப்பனாலோடு உப்புச்செறிவு மிகுந்த சிட்ரேட் கரைசலையும் சேர்த்துப் படிய வைத்தால் சர்க்கரை மேலேயே தங்கும். ஒளி அளவியில் 260/280 விகிதம் (இரண்டு ஒளி அலைநீளங்களில் எடுத்த அளவுகளின் விகிதம்) 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 260/230 விகிதம் ஒன்றரைக்குக் கீழே போனால் டிரைசாலிலுள்ள பீனாலோ குவானிடினோ மிச்சம் என்று பொருள், மீண்டும் கழுவுங்கள்.

அடுத்து ஒரு பொறி. தரம் பார்க்கும் கருவி ஆர்.என்.ஏ-வுக்குப் பத்துக்கு மதிப்பெண் போடும். 7-க்குக் கீழே என்றால் பொதுவாக வீசிவிடுவோம். ஆனால் மெல்லுடலிகளில் பலவற்றுக்கு 28எஸ் என்ற பெரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ-வின் நடுவில் இயல்பாகவே ஒரு வெட்டு உண்டு. சூடு பட்டதும் இரண்டாகப் பிரிந்து, அதைவிடச் சிறிய 18எஸ் ஆர்.என்.ஏ-வின் இடத்திலேயே வந்து நிற்கும். கருவி அதைச் சிதைவு என்று எண்ணிக் குறைந்த மதிப்பெண் போடும். வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். 18எஸ் இடத்தில் ஒற்றை முகடு கூர்மையாக நின்று, இடப்பக்கம் தரை சமமாக இருந்தால் மாதிரி நல்லதுதான். நல்ல மாதிரியைக் குப்பையில் போட்டவர்கள் நிறையப் பேர்.

வரிசையாக்கத்துக்கு இரு முனையிலிருந்தும் 150 எழுத்து, மாதிரி ஒன்றுக்கு 4 கோடி இணை ரீட் (கருவி ஒருமுறையில் படிக்கும் துண்டு) தாராளம். நிறுவனத்திடம் கொடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: பல மாதிரிகளை ஒன்றாகக் கலந்து ஓட்டுவதால், ஒவ்வொரு மாதிரிக்கும் இரு முனையிலும் தனித்த அடையாளக் குறி வேண்டும். விஷ மரபணுக்கள் குழாயில் பெருவெள்ளமாக ஓடுகின்றன. அடையாளக் குறி நூற்றில் ஒரு பங்கு இடம் மாறினாலும், பக்கத்து மாதிரியின் நச்சு உங்கள் இனத்தில் இருப்பது போலத் தெரியும். இல்லாத நச்சை இருப்பதாக அறிவித்த கட்டுரைகள் இப்படித்தான் பிறந்தன.

துண்டுகளை ஒட்டும் மென்பொருளும் சறுக்கும். ஒரே குடும்பத்து நச்சுகள் ஓரிரு எழுத்தில்தான் வேறுபடும். அண்ணன் தலையையும் தம்பி உடலையும் ஒட்டி, உலகில் இல்லாத மூன்றாமவனை அது உருவாக்கிவிடும். ரீட்களைத் திரும்ப அந்த வரிசைமேல் பொருத்திப் பாருங்கள். நடுவில் எங்காவது ரீட் தாண்டாத இடைவெளி இருந்தால் அது ஒட்டுப்போட்டது. நீள ரீட் எடுக்கும் நானோபோர் கருவி இதற்கு நல்ல மாற்று. ஆனால் நுண்துளைகள் பதித்த அதன் பாய்கலத்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவே கூடாது. மாதிரி ஏற்றும்போது ஒரு காற்றுக் குமிழி உள்ளே போனால் துளைகள் கொத்தாகச் செத்துவிடும்.

நச்சு வரிசைப் பட்டியல் கிடைத்ததும் மருந்து கிடைத்த மாதிரிதானே? ஏன் இத்தனை வருடம் ஆகிறது?
– பள்ளி ஆசிரியர், தக்கலை

பட்டியல் என்பது நாத்து. அறுவடைக்கு இன்னும் வெகு காலம் இருக்கிறது.

சிக்கோனோடைடு என்ற வலிநிவாரணியை எடுத்துக்கொள்வோம். கோனஸ் மேகஸ் என்ற கூம்புச் சங்கின் விஷத்தில் இருந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பால்டோமெரோ ஒலிவேராவின் குழு 1980-களில் கண்டெடுத்தது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004 டிசம்பரில். மொத்தம் 25 அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் 25 கண்ணிகள். அதில் ஆறு கந்தகம் கொண்ட சிஸ்டீன், 1, 8, 15, 16, 20, 25-ஆம் இடங்களில். இந்த ஆறும் இரண்டிரண்டாகக் கைகோத்து மூன்று கந்தகப் பாலம் கட்டும். ஒன்று பதினாறோடு, எட்டு இருபதோடு, பதினைந்து இருபத்தைந்தோடு. மரபணு வரிசை சொல்வது எழுத்துகளை மட்டும்தான். யார் யாரோடு கைகோக்க வேண்டும் என்று அது சொல்லாது. ஆறு சிஸ்டீனுக்கு 15 விதமாக ஜோடி சேர்க்கலாம், எட்டு இருந்தால் 105. இவற்றில் இயற்கை தேர்ந்தது ஒன்றே ஒன்று.

ஆகவே பெப்டைடை, அதாவது இந்தக் குட்டிப் புரதத்தை, திடத்தளத்தில் ஒவ்வொரு அமிலமாகக் கோத்துச் செய்த பிறகு மடிக்க வேண்டும். மடிக்கும் கரைசல் நீர்த்திருக்க வேண்டும், 20 முதல் 50 மைக்ரோமோலார். சீக்கிரம் முடியட்டும் என்று செறிவைக் கூட்டினால் ஒரு மூலக்கூறின் சிஸ்டீன் பக்கத்து மூலக்கூறோடு கைகோத்து, எல்லாம் கட்டியாகித் தரையில் படியும். பாலம் சரியாக அமைய உதவும் குளுட்டதயோனை ஒடுக்கிய, ஆக்சிஜனேற்றிய இருவகையிலும் சேர்த்து, அமில-கார அளவு (பி.எச்) 7.5-இலிருந்து 8.5-க்குள் ஓர் இரவு விட்டு, பிறகு அமிலம் சேர்த்து நிறுத்துவார்கள். மூன்று பாலம் கட்டினால் எடை சுமார் 6 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) குறையும். குறைந்துவிட்டதே என்று மகிழ முடியாது, 15 வடிவத்துக்கும் எடை ஒன்றுதான். கலவையைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி கருவியில் இயற்கை விஷத்தோடு சேர்த்து ஓட்டி, இரண்டும் ஒரே நிமிடத்தில் ஒரே முகடாக வந்தால்தான் மடிப்பு சரி.

இதற்கு மேல், செல் தானாகச் செய்யும் ஒப்பனைகள் உண்டு. சிக்கோனோடைடின் மரபணுவில் 25-க்குப் பின்னால் கிளைசின் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அது வாலை அமைடாக மாற்றச் சொல்லும் குறி, வேலை முடிந்ததும் மறைந்துவிடும். குறியைத் தெரியாதவர் 26 அமிலம் செய்து வைத்துக்கொண்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று ஆறு மாதம் தேடுவார். புரோலின் மேல் ஓர் ஆக்சிஜன் ஏறினால் எடை 16 கூடும். டிரிப்டோபனில் புரோமின் ஏறினால் 78. இவை எதுவும் மரபணு எழுத்தில் இல்லை. உண்மையான விஷத்தை, மூலக்கூறின் எடை பார்க்கும் நிறைமானியில் ஓட்டினால்தான் தெரியும். அதனால்தான் வரிசையாக்கமும் நிறைமானியும் ஒன்றில்லாமல் மற்றொன்று நொண்டும்.

எல்லாம் சரியாக வந்த பிறகும் உடம்பு ஒத்துக்கொள்ள வேண்டும். சிக்கோனோடைடு ரத்தத்திலிருந்து தண்டுவடத்துக்குள் போகாது. வயிற்றுத் தோலடியில் ஒரு பம்பை வைத்து, குழாய் வழியாகத் தண்டுவட நீரில் சொட்டுச் சொட்டாகச் செலுத்துகிறார்கள். தொடக்க அளவு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம், உச்சம் 19.2. கூடினால் மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது வரை போகும். மார்ஃபீனுக்கும் அடங்காத வலிக்காரர்களுக்கு மட்டும்தான் இது. இடுப்பு வலிக்குக் கேட்காதீர்கள்.

நான் சாப்பிடும் பிரஷர் மாத்திரை பாம்பு விஷத்திலிருந்து வந்தது என்கிறார் மருமகன். உண்மையா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கொட்டாரம்

பெயர் ‘ப்ரில்’ என்று முடிந்தால், ஆம். ஆனால் உங்கள் மாத்திரையில் விஷம் ஒரு துளிகூட இல்லை. பிரேசில் நாட்டு ஜராராக்கா விரியனின் விஷத்தில் ரத்த அழுத்தத்தை இறக்கும் பிராடிகைனின் என்ற உடற்பொருளின் வேலையைக் கூட்டும் பொருள் இருப்பதை 1965-இல் அந்நாட்டு ஆய்வாளர் செர்ஜியோ ஃபெரேரா காட்டினார். அந்தப் பெப்டைடை விழுங்கினால் வயிறே செரித்துவிடும். அது எந்த நொதியில் எப்படிப் போய் அமர்கிறது என்று பார்த்து, அதே இடத்தில் அமரும் சின்ன மூலக்கூறைக் குஷ்மன், ஒன்டெட்டி என்ற ஆய்வாளர்கள் வடிவமைத்தார்கள். கேப்டோப்ரில், 1981. எனாலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் வாரிசுகள். இந்த மாத்திரையால் வறட்டு இருமல் வந்தால் அதற்குக் காரணமும் பாம்புக் கதையோடு சேர்ந்ததே. விஷம் உடம்பில் பிராடிகைனினைச் சிதையவிடாமல் கூட்டியது. மாத்திரையும் அதைத்தான் செய்கிறது. பிராடிகைனின் மூச்சுக்குழாயை உறுத்தும். இருமல் விடாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை நோய் ஊசி ஒன்று பல்லி விஷத்தில் செய்கிறார்களாமே? இன்சுலின்கூட சங்கில் இருக்கிறதாம்.
– சர்க்கரை நோயாளி, மார்த்தாண்டம்

இரண்டும் சரி, ஊசியில் இருப்பது மட்டும் விஷமல்ல, செயற்கையாகச் செய்த நகல். அமெரிக்கப் பாலைவனத்து ஹீலா பல்லியின் விஷ உமிழ்நீரில் ஜான் எங் என்ற ஆய்வாளர் கண்டெடுத்த எக்சென்டின்-4 தான் எக்சனடைடு என்ற அந்த ஊசி ஆனது. 39 அமினோ அமிலம், 2005-இல் அனுமதி. நம் குடலில் சுரந்து இன்சுலினைத் தூண்டும் ஜி.எல்.பி-1 இரண்டே நிமிடத்தில் வெட்டுப்பட்டுவிடும். நொதி வெட்டும் இடத்தில், அதாவது இரண்டாம் இடத்தில், நமக்கு அலனின். பல்லிக்கு அங்கே கிளைசின், நொதியால் கடிக்க முடியாது. ஓர் எழுத்து மாற்றம்தான். இப்போது எங்கும் பேசப்படும் செமாக்ளூடைடு மருந்து பல்லியுடையது அல்ல. மனித ஜி.எல்.பி-1-ஐத் திருத்திச் செய்தது.

சங்கு இன்சுலின் வரிசையாக்கம் இல்லாவிட்டால் கண்ணில் பட்டிருக்காது. கோனஸ் ஜியோகிராபஸின் விஷச் சுரப்பியில் என்னென்ன மரபணு ஓடுகிறது என்று பட்டியல் எடுத்தபோது, நடுவில் ஓர் இன்சுலின் உட்கார்ந்திருந்தது. சங்குக்கு உரிய இன்சுலின் அல்ல, மீனுடையதைப் போன்றது. சங்கு அதை நீரில் கலந்து விடுகிறது. மீனுக்கு ரத்தச் சர்க்கரை சரிந்து, மயங்கி, வாய்க்குள் வந்து விழுகிறது. 2015-இல் வெளியான கண்டுபிடிப்பு. இதன் சிறப்பு, நம் இன்சுலின் ஆறு ஆறாகக் கொத்துச் சேரக் காரணமான வால்பகுதி இதில் இல்லை. கொத்துப் பிரியக் காத்திருக்கத் தேவையில்லாததால் வேகமாக வேலை செய்யும். அந்த வடிவத்தைப் பார்த்து மனித இன்சுலினைக் குறுக்கிச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை. உங்கள் இன்சுலின் அளவை மாற்ற இதில் ஒன்றும் இல்லை.

விடியுமுன் தலைவிளக்கோடு ரப்பர் வெட்டப் போகிறோம். சருகுக்குள் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தில் மூக்கு நிமிர்ந்த சின்ன விரியன் கடிக்கிறது. ஆஸ்பத்திரியில் போடும் பாம்பு ஊசி இதற்குக் கேட்காது என்கிறார்கள். புது ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன லாபம்?
– ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, பேச்சிப்பாறை

உங்கள் கேள்விதான் இந்த இதழில் அவசரமானது.

நீங்கள் சொல்வது மூக்கு மேடிட்ட குழிவிரியன். நம் நாட்டுப் பாம்பு முறிமருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி எடுப்பது. மில்லிலிட்டருக்கு நல்ல பாம்பு 0.6, கண்ணாடி விரியன் 0.6, கட்டுவிரியன் 0.45, சுருட்டை 0.45 மில்லிகிராம் விஷத்தை அது முறிக்க வேண்டும் என்பது தரவிதி. குழிவிரியன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கடல் பாம்பும் இல்லை. பொருந்தாத ஊசியைப் பத்துக் குப்பி போட்டால் விஷம் முறியாது, ஒவ்வாமை மட்டும் வரலாம்.

அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். இருட்டில் எது கடித்தது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது, குட்டிக் கண்ணாடி விரியனும் சருகில்தான் கிடக்கும். குழிவிரியன் கடியாலும் ரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் பழுதாவதும் உண்டு. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். முடிந்தால் எட்ட நின்று செல்போனில் ஒரு படம் எடுங்கள், பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். ஆசாரிபள்ளம் போன்ற பெரிய மருத்துவமனையில் உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது. ஒருமுறை உறைந்துவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய சோதனை அது. சிறுநீர் குறைந்தால் உடனே சொல்லுங்கள்.

வரிசையாக்கத்தால் என்ன லாபம் என்றால், குழிவிரியனின் விஷச் சுரப்பியில் எந்தெந்த நச்சு எவ்வளவு உருவாகிறது என்று தெரிந்துகொண்டு, அவற்றில் எதைக் குதிரை ஊசி பிடிக்கிறது, எது நழுவுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். நழுவுகிற நச்சை மட்டும் செல் வளர்ப்பில் உற்பத்தி செய்து, அதற்கென்றே அதைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) தேடலாம். பாம்பும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், ராஜநாகம் வகைகளின் நரம்பு நச்சு ஒன்றைப் பொதுவாகப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை 2024-இல் வெளியிட்டது. அது நரம்பு நச்சுக்குத்தான். உங்கள் குழிவிரியனின் ரத்த நச்சுகள் வேறு குடும்பம், அதற்கு இன்னும் வேலை பாக்கி. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. எந்தப் பாம்பு எங்கே கடிக்கிறது என்ற கணக்கு சேர்ந்தால்தான் குழிவிரியனுக்கும் ஊசி வேண்டும் என்று கேட்க முடியும். ஆகவே ஆஸ்பத்திரிச் சீட்டில் பாம்பின் விவரத்தை எழுதச் சொல்லுங்கள்.

பாம்பு விஷம் கிராம் லட்சக்கணக்கில் போகுமாம். விற்பதற்கு வழி சொல்வீர்களா?
– பெயர் வேண்டாம்

சொல்ல மாட்டோம். சட்டப்படி விஷம் எடுப்பது வனத்துறை அனுமதியோடு இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் போன்ற அமைப்புகள்தான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருக்கிறது. குப்பியில் விஷம் காட்டி முன்பணம் கேட்பவர் வைத்திருப்பது பெரும்பாலும் விஷமே அல்ல. விஷமாகவே இருந்தாலும் கம்பிதான் எண்ண வேண்டும்.

ஆய்வக வசதி இல்லை. 8 ஜி.பி லேப்டாப் ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்தே இந்த வேலையில் இறங்க முடியுமா?
– இளநிலை விலங்கியல் மாணவர், கருங்கல்

முடியும். உலகெங்கும் எடுத்த விஷச் சுரப்பி வரிசைகள் அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ தளத்தின் பொதுக் கிடங்கில் இலவசமாகக் கிடக்கின்றன. ஆனால் துண்டுகளை ஒட்டும் டிரினிட்டி மென்பொருளை லேப்டாப்பில் ஓட்டாதீர்கள். 10 லட்சம் இணை ரீட்டுக்கு 1 ஜி.பி நினைவகம் என்பது கணக்கு. 4 கோடி ரீட்டுக்கு 40 ஜி.பி வேண்டும். பாதி இரவில் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் நின்றுபோகும். கேலக்ஸி என்ற இலவசச் சேவையில் கணக்குத் தொடங்கி அவர்கள் கணினியில் ஓட்டுங்கள். உங்கள் லேப்டாப் வெறும் ஜன்னல்தான்.

முதலில் ஃபாஸ்ட்பி-யால் தரம் குறைந்த எழுத்துகளை வெட்டுங்கள், பிறகு டிரினிட்டியில் ஒட்டுங்கள், டிரான்ஸ்டிகோடரில் புரதமாக மொழிபெயருங்கள். இதன் பிறகு எல்லோரும் செய்யும் தவறு, யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாததை வீசுவது. கூம்புச் சங்கு நச்சின் வேலை செய்யும் பகுதி வேகமாக மாறுவது, பழையவற்றோடு பொருந்தாது. பொருந்தாததில்தான் புதியது இருக்கும். அதே மரபணுவின் முன்பகுதி, செல்லுக்கு வெளியே அனுப்பச் சொல்லும் சமிக்ஞை, பெரும்பாலும் மாறாது. சிக்கோனோடைடு குடும்பத்தில் அது எம், கே, எல், டி என்ற நான்கு அமினோ அமில எழுத்தோடு தொடங்கும். அதைப் பிடித்து இழுத்தால் பின்னால் அறியாத நச்சு வரும். வால்பகுதியில் சிஸ்டீன்களை எண்ணுங்கள். ஒன்று, ஒன்று, இரண்டு சேர்ந்து, ஒன்று, ஒன்று என்ற அடுக்கு கண்ணில் பட்டால் நல்ல சகுனம். கோனோசர்வர் என்ற தரவுத்தளத்தில் சரிபாருங்கள். ஐந்தாறு ரீட் மட்டுமே ஆதாரமாக உள்ள வரிசையைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள், பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கள் கடலில் எடுத்த சங்கிலிருந்து வெளிநாட்டுக் கம்பெனி மருந்து செய்தால் எங்களுக்குப் பங்கு உண்டா?
– மீனவர் சங்க நிர்வாகி, முட்டம்

சங்காகவோ திசுவாகவோ கொண்டுபோனால் சட்டம் தெளிவு. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி வெளிநாட்டவர் சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் முன் அனுமதி பெற வேண்டும், பலனில் பங்கும் பேச வேண்டும். உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் பெயர்ப்பலகையோடு சரி. முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. அகத்திய மலையில் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து ஜீவனி மருந்து வந்தபோது, உரிமத்தொகையிலும் ராயல்டியிலும் பாதி அவர்கள் அறக்கட்டளைக்கு ஒதுக்கப்பட்டது.

சிக்கல், சங்கை யாரும் கொண்டுபோகாமலே எழுத்தை மட்டும் எடுத்துப்போக முடிவதில்தான். வரிசை பொதுத் தளத்தில் ஏறிவிட்டால் எங்கிருந்தும் இறக்கி, பெப்டைடை அங்கேயே செய்துகொள்ளலாம். இதற்காக 2025 பிப்ரவரியில் ஐ.நா. பல்லுயிர் உடன்படிக்கையின் கீழ், கொலம்பியாவின் காலி நகரப் பெயரில் ‘காலி நிதி’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வரிசைத் தகவலால் ஆதாயம் பெறும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் நூற்றுக்கு 1 அல்லது வருவாயில் ஆயிரத்துக்கு 1 கொடுப்பது, அதில் குறைந்தது பாதி தொல்குடி, உள்ளூர் மக்களுக்கு என்பது ஏற்பாடு. கட்டாயமில்லை, விரும்பினால் கொடுக்கலாம். எங்கள் கருத்தில் இதன் பலவீனமும் அதுவே. ஆகவே சங்கைக் கொடுக்கும்போதே, யாரிடம், எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரத்தை வரிசையோடு சேர்த்துப் பதிய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இடமில்லாத வரிசைக்கு உரிமை கேட்க ஆளிருக்காது.

கீரிப்பாறைக் காட்டில் காலில் ஏறும் அட்டையிலும் மருந்து உண்டா?
– வாசகி, தடிக்காரன்கோணம்

உண்டு. குளத்து அட்டையின் உறைதடுப்பானான ஹிருடினைப் பார்த்துச் செய்த பிவாலிருடின், இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி. 20 அமினோ அமிலம், 2000-இல் அனுமதி. நம் மலையட்டை இனமான ஹேமாடிப்சா சில்வெஸ்டிரிஸிலும் 57 அமிலம் கொண்ட ஹேமாடின் என்ற உறைதடுப்பானை 1993-லேயே வரிசை படித்து வெளியிட்டார்கள். அட்டையைப் பிய்த்த பிறகும் கடிவாயில் ரத்தம் நிற்காமல் கசிவது இத்தகைய பொருளால்தான். சோப்பு நீரில் கழுவிச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும்.